பாலத்தடியில் கொதிகலன்

1911 பிப்ரவரி 14, செவ்வாய்க்கிழமை.

இன்று ஒரு சிறு தவறு. முசியே மார்செலிடம் கொடுத்த தாளில் நான்கு இடங்களுக்கு நீர் வற்றும் நேரம் எழுதியிருக்கிறேன். துறைமுகம், முதல் பாலம், இரண்டாம் பாலம் ஆகிய மூன்றையும் நானே நின்று பார்த்தேன். மூன்றாம் பாலத்துக்குச் சனிக்கிழமை போயிருக்க வேண்டும். வகுப்புக்கு வரைபடம் முடிக்க வேண்டியிருந்ததால் போகவில்லை. முதல் மூன்று இடங்களை வைத்து ஒரு கோடு இழுத்து, அந்தக் கோடு மூன்றாம் பாலத்தை எங்கே தொடுகிறதோ அந்த நேரத்தை எழுதிவிட்டேன். அனேகமாகச் சரியாகவே இருக்கும். ஆனால் நான்கு வரிகளும் ஒரே மையில் இருக்கின்றன. பார்த்தது எது, பாராதது எது என்று படிப்பவருக்குத் தெரியாது. காலையில் சொல்லிவிட வேண்டும்.

எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு, ‘அனேகமாக’ என்ற சொல்லின் கீழே எட்மோன் ஒரு கோடு போட்டான். பிறகு, கோடு போட்டது தேவையில்லையோ என்று யோசித்தபடியே விளக்கை அணைத்தான்.

காரைக்காலிலிருந்து சைகோனுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது அவனுக்கு. கான் ஹோய் துறையில் சரக்குத் தோணிகள் நடத்தும் மார்செலின் கொட்டகையில் எழுத்து வேலை. மாலை ஆறு மணிக்கு மேல் நில அளவை வகுப்பு. அதை முடித்துத் தேறினால் பாலங்கள், சாலைகள் பார்க்கும் துறையில் அளவையாள் உத்தியோகம் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டார்கள். அந்த வகுப்பில் கற்றதை வைத்துத்தான் மார்செல் அவனை முதன்முறையாக ஒரு கணக்குப் போடச் சொல்லியிருந்தார்.

கணக்கு இதுதான். பக்கத்து ஊரான சோலோனில் ஒரு சீன வியாபாரியின் அரிசி ஆலைக்குப் பெரிய கொதிகலன் ஒன்று கப்பலில் வந்திருந்தது. அதைச் சாலை வழியே உருட்டிக்கொண்டு போக முடியாது, சாலை தாங்காது. இரும்புத் தோணியில் ஏற்றிச் சீனக் கால்வாய் வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும். கால்வாயின் மேல் மூன்று பாலங்கள். கொதிகலனின் முதுகில் குடம் கவிழ்த்தாற்போல ஒரு மேடு. கால்வாயில் நீர் நிறைந்திருக்கும்போது அந்த மேடு பாலத்தில் முட்டும். நீர் நன்றாக வற்றியிருக்கும்போது மட்டுமே நுழையும். கடல் ஏறி இறங்குவதற்கேற்பக் கால்வாய் நீரும் ஏறி இறங்கும்; பௌர்ணமியை ஒட்டி ஆழமாக வற்றும். இதைத் தவறவிட்டால் அமாவாசை வரை காத்திருக்க வேண்டும். ஆகவே எந்தப் பாலத்தை எந்த நேரத்துக்குக் கடப்பது என்பதே கேள்வி. அதற்கான பதில் எட்மோன் எழுதிய தாளில் இருந்தது.

புதன்கிழமை காலை அவன் துறைக்குப் போனபோது மிதக்கும் பளுதூக்கி கொதிகலனை ஏற்கெனவே தோணியில் இறக்கிவிட்டிருந்தது. கறுப்பு வண்ணம் பூசிய அந்த உருளை, கரைக்கு வந்து படுத்த யானை மாதிரி தோணி முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடந்தது. மார்செல் வழக்கம்போல் கழுத்தில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு சங்கிலிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முசியே, அந்த மூன்றாம் பாலத்து நேரம்...” என்று எட்மோன் பிரெஞ்சில் தொடங்கினான். “அதாவது, ஒருவேளை, முழு நிச்சயம் என்று சொல்வதற்கில்லை.”

மார்செல் திரும்பவில்லை. “உனக்கு எதுதான் நிச்சயம்? போன வாரம் கயிற்றைப் பார்த்து ஒருவேளை என்றாய். அறுந்ததா?”

“இல்லை, முசியே.”

“அதற்கு முன்னால் அந்தச் சங்கிலி.”

“அதுவும் அறுந்துபோகவில்லை.”

“என் கல்யாணப் பெட்டியைத் தூக்கும்போதுகூடத் தாழ்ப்பாள் சரியில்லையோ என்றாய். போய் உட்கார், தம்பி. இன்று நல்ல நாள்.”

‘நான் அந்த இடத்துக்குப் போகவே இல்லை’ என்ற வாக்கியம் எட்மோனின் தொண்டை வரை வந்தது. அந்த நேரம் பார்த்து இழுவைப் படகு ஊதியது. வாக்கியம் திரும்ப உள்ளே போய்விட்டது. எல்லாவற்றுக்கும் சந்தேகம் சொல்லிச் சொல்லித் தன் சந்தேகத்துக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

தோணி மெல்லக் கால்வாய்க்குள் நுழைந்தது. சுக்கானில் பா என்ற உள்ளூர் அன்னாமியர் நின்றார். வாயில் அணைந்துபோன சுருட்டு. இரு கரையிலும் விறகுத் தோணிகள், பானைத் தோணிகள், நெல் ஏற்றிய பெரிய படகுகள். மீன் சாற்றின் வாடை மூக்கைத் துளைத்தது. கரையோரமாகப் புகைவண்டி டிராம் ஒன்று இருமிக்கொண்டே அவர்களை முந்திப் போனது. மேற்கே, சோலோன் பக்கம், ஆலைப் புகைபோக்கிகள் வரிசையாகத் தெரிந்தன.

முதல் பாலத்தை எழுதிய நேரத்துக்கே கடந்தார்கள். கொதிகலனின் மேட்டுக்கும் பாலத்துக்கும் நடுவே ஒரு கை நுழையலாம். இரண்டாம் பாலத்திலும் அப்படியே. மார்செல் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு எட்மோனை நோக்கித் தலையை ஆட்டினார். அவர் யாரையும் பார்த்துத் தலையாட்டி அவன் கண்டதில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சந்தோஷத்தின் மேல் முழு எடையையும் வைத்து உட்கார முடியவில்லை.

மூன்றாம் பாலம் மற்ற இரண்டையும்விடத் தாழ்வானது. இரண்டு பெரிய இரும்பு உத்தரங்கள் குறுக்கே போக, அவற்றின் மேல் பலகைத் தளம். தோணி கடக்கும்வரை யாரும் பாலத்தின் மேல் வரக்கூடாது என்று ஒரு காவலர் சிவப்புக் கொடியோடு மறித்து நின்றார். இரு பக்கமும் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டத்தின் முன்னால் ஒற்றைக் குதிரை பூட்டிய, ‘மலபார்’ என்று அந்த ஊரில் சொல்லும் பெட்டி வண்டி ஒன்று. அதன் மேல் உட்கார்ந்திருந்தான் வடிவேல். எட்மோன் குடியிருக்கும் அதே சந்தில்தான் அவனுக்கும் லாயம்.

“என்ன எட்மோனு, யானைக்குக் கால் கழுவ வந்தியா?” என்று கத்தினான் வடிவேல். “சீக்கிரம் கடத்துப்பா. உள்ளே செட்டியார் புழுங்கிப்போறாரு!”

வண்டியின் சன்னலில் அழகப்பச் செட்டியாரின் அகன்ற முகம் தெரிந்து மறைந்தது. வட்டிக்கடை வைத்திருக்கும் மனிதர். அந்த வண்டிக்குள் அவர் ஏறினால் குதிரை ஒருமுறை திரும்பிப் பார்க்கும் என்று வடிவேல் சொல்வதுண்டு.

கொதிகலனின் மேடு முதல் உத்தரத்தின் அடியில் நுழைந்தது. ஒரு விரல் இடைவெளிதான். யாரோ மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம் கேட்டது. கடந்துவிட்டது. இரண்டாவது உத்தரத்தை நெருங்கியபோது ‘கிறீச்’ என்று ஓர் ஓசை. தோணி நின்றது.

இன்னும் வற்ற வேண்டும். தாளின்படி இன்னும் அரை மணி நேரம் வற்ற வேண்டும். “காத்திருப்போம்” என்றார் மார்செல்.

எட்மோன் தோணியின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து நீரைப் பார்த்தான். சைகோன் பக்கமிருந்து மிதந்து வந்துகொண்டிருந்த ஒரு தென்னை மட்டை வேகம் குறைந்து நின்றது. நின்ற இடத்திலேயே சோம்பலாக ஒருமுறை சுற்றியது. எதிர்ப்பக்கத்திலிருந்து, சோலோன் பக்கத்திலிருந்து, ஒரு செடிக்கூட்டம் மிதந்து வந்து அதை முட்டியது. அவன் பாலத்தின் கல் தூணைப் பார்த்தான். சற்று முன் நீருக்கு வெளியே தெரிந்த ஈரமான பாசிக்கோடு இப்போது நீருக்குள் இருந்தது.

அவனுக்குச் சொந்த ஊர் ஆறு நினைவுக்கு வந்தது. காரைக்காலில் அரசலாற்றுக்கு ஒரே வாய். கடல் அந்த வாசல் வழியே வரும், அந்த வாசல் வழியே போகும். உள்ளே போகப் போக நேரம் தள்ளும், அவ்வளவுதான். சிறுவயதிலிருந்து பார்த்த தண்ணீர் அப்படி. அதை மனதில் வைத்துத்தான் கோடு இழுத்தான். இந்தக் கால்வாய்க்கு இரண்டு வாசல். மேற்குக் கோடியிலும் அது வேறோர் ஆற்றோடு சேர்கிறது. அந்தப் பக்கமிருந்தும் கடலின் ஓதம் உள்ளே வருகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் நீர் யார் இழுத்த கோட்டுக்கும் கட்டுப்படாது. இரண்டு நாள் இங்கே வந்து நின்றிருந்தால் கண்ணாலேயே பார்த்திருக்கலாம்.

மார்செல் எழுந்து நின்றார். “கொஞ்சம் இழுத்துப் பார்க்கலாம். ஒரு விரல்தானே.” இழுவைப் படகு புகையைக் கக்கியது. கயிறு விறைத்தது. உத்தரம் முனகியது, மேலே பலகைகளிலிருந்து தூசி கொட்டியது. கூட்டம் பின்வாங்கியது.

“இழுக்கச் சொல்லாதீர்கள்” என்றான் எட்மோன்.

“என்ன?”

“நீர் ஏறுகிறது.”

“உன் தாளில் இன்னும் அரை மணி இருக்கிறது.”

“அந்த வரி தவறு. நான் இங்கே வந்து பார்க்கவில்லை. கோடு இழுத்து எழுதினேன். நீர் திரும்பிவிட்டது.”

தன் வாயிலிருந்து ‘ஒருவேளை’ இல்லாமல் ஒரு பேச்சு வந்ததை அவன் கவனிக்கவில்லை. மார்செல் கவனித்தார். கையை உயர்த்தி இழுவைப் படகை நிறுத்தினார். பாசிக்கோட்டைப் பார்த்தார். பின்னால் திரும்பி, கடந்து வந்த முதல் உத்தரத்தைப் பார்த்தார். அங்கேயும் இப்போது இடைவெளி இல்லை. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. எலிப்பொறிக்குள் எலி மாதிரி, இரண்டு உத்தரங்களுக்கு நடுவே கொதிகலனின் மேடு மாட்டிக்கொண்டிருந்தது. நீர் ஏற ஏறத் தோணி மேலே வரும். ஒன்று பாலத்தின் தளம் பெயரும். இல்லாவிட்டால் பாலம் அமுக்கி அமுக்கித் தோணி ஒரு பக்கமாகச் சாயும். கவிழ்ந்தால் தோணியில் இருப்பவர்கள் தப்புவது கடினம்.

“எவ்வளவு நேரம்?” என்றார் மார்செல். குரல் உயரவில்லை.

“கால் மணி. அதற்கு மேல் நம்ப வேண்டாம்.”

“தோணி தாழும்படி உள்ளே தண்ணீர் விடலாமா?”

“இருக்கிற குழாயால் கால் மணியில் முடியாது.”

அப்போது கரையில் ஒரு கூச்சல். வண்டிக்குள் புழுங்கிப்போன அழகப்பச் செட்டியார் பொறுமையிழந்து இறங்கிவந்து, சிறு படகு ஒன்றில் ஏறிக் கால்வாயைக் கடந்துவிடலாம் என்று காலை வைத்திருந்தார். படகு விளிம்பு வரை அமிழ்ந்தது. படகுக்காரப் பெண் அவரைப் பார்த்து அலறினாள்.

“ஆத்தாடி! முருகா, தெண்டாயுதபாணி!” என்று செட்டியார் காலை எடுத்துக்கொண்டார்.

கூட்டம் சிரித்தது. எட்மோன் சிரிக்கவில்லை. அமிழ்ந்து மீண்ட அந்தப் படகின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, அவன் வாழ்க்கையில் அதுவரை கத்தியிராத அளவுக்குக் கத்தினான்.

“வடிவேலு! எல்லாரையும் தோணிக்கு இறக்கு! பாலத்துக்கிட்ட நிக்கிற அத்தனை பேரும்! சீக்கிரம்!”

“யப்பா, என்ன, கல்யாணப் பந்தியா?”

“ஆள் ஏறினா தோணி தாழும். நாலு விரக்கடை தாழ்ந்தாப் போதும், கடந்துரும்!”

வடிவேல் ஒரு கணம் யோசித்தான். குதிரையின் கடிவாளத்தைக் காவலரின் கையில் திணித்துவிட்டுக் கீழே குதித்தான்.

கரைக்கும் தோணிக்கும் இடையே நின்ற படகுகளைப் பா அதட்டி, ஒன்றோடு ஒன்று ஒட்டி நிறுத்தினார். அது ஒரு நடைபாதை ஆயிற்று. எட்மோன் தனக்குத் தெரிந்த அரைகுறை அன்னாமிய மொழியில் வாருங்கள், வாருங்கள் என்றான். மூட்டை தூக்கும் ஆலைக் கூலிகள்தான் முதலில் வந்தார்கள். அவர்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. பிறகு சீனக் கடைக்காரர்கள், விறகு விற்பவர்கள், வாத்துக்கூடைப் பெண்கள். வாத்தை விட்டுவிட்டு வரமாட்டோம் என்றார்கள். வாத்தோடு வரட்டும் என்றான் எட்மோன்.

“இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர்!” என்று இரு கைகளையும் நீட்டி ஆட்களைப் பிரித்தான். “ஒரே பக்கம் நிக்காதீங்க, சாயும். முன்னால பத்துப் பேர் போனா பின்னால பத்துப் பேர். குழந்தைங்க வேணாம். மெல்ல, மெல்ல.” கணக்கு வழக்கமாக அவனைப் பயமுறுத்தும். இப்போது அது கை விரல்களில் தானே ஓடிக்கொண்டிருந்தது.

பால்காரி வேதநாயகி இரண்டு குடங்களோடு வந்து நின்றாள். காலையில் அவன் அறைக்குப் பால் ஊற்றுகிறவள். “குடத்தோட ஏறட்டுமாடா, இல்ல வெறுங்கையா ஏறட்டுமா?”

“குடத்தோட ஏறுங்கக்கா. எடை கூடும்.”

“பால் சிந்தினா?”

“சிந்தாது.”

“ஒருவேளை சிந்தினா?”

“ஏறுங்கக்கா!”

அவள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே ஏறினாள்.

கடைசியாக அழகப்பச் செட்டியார் கரையில் தனியாக நின்றார். மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கேட்டார். “தம்பி, எல்லாரும் ஏறிட்டாக. நானும் வரணுமா, இல்ல இதுவே போதுமா?”

எட்மோன் உத்தரத்தைப் பார்த்தான். மேட்டின் உச்சி இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. “வரணும், அண்ணாச்சி.”

“எனக்கு எத்தனை ஆள் கணக்கு?”

“மூணு” என்றான் வடிவேல் தோணியிலிருந்து. “குதிரையைக் கேட்டா நாலுங்கும்!”

“போடா, உன் வண்டிக்குச் சத்தமும் அதிகம், ஆட்டமும் அதிகம். கும்பிட்டுக் கால வைக்கிறேன்.” செட்டியார் உண்மையிலேயே தோணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார். நான்கு கைகள் அவரைத் தாங்கின. எட்மோன் அவரை நட்ட நடுவில், கொதிகலனின் பக்கவாட்டில் நிறுத்தினான். அதற்கு ஈடாக எதிர்ப்பக்கம் மூன்று கூலிகளை நிறுத்தினான். வடிவேலின் கணக்குச் சரியாகவே இருந்தது.

உத்தரத்துக்கும் மேட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. வைக்கோல் நுழையும் அளவுக்கு ஒரு கோடு.

“இயந்திரத்தால் வேண்டாம்” என்றான் எட்மோன் மார்செலிடம். “ஆட்டம் கொடுக்கும். கையால் இழுக்க வேண்டும்.”

மார்செல் இழுவைப் படகைக் கரையோடு கட்டச் சொல்லி, அதில் ஏறிக் கயிற்றைத் தானே பிடித்துக்கொண்டார். பாலத்தின் மறுபக்கம் நின்றவர்களும் வந்து பிடித்தார்கள். யாரும் குதிக்கக் கூடாது, அசையக் கூடாது என்று எட்மோன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சொன்னான். புரிந்தவர்கள் புரியாதவர்களுக்குச் சொன்னார்கள். அத்தனை பேரும் பூசை நேரத்தில் நிற்பதுபோல நின்றார்கள். வாத்துகள் மட்டும் பேசிக்கொண்டிருந்தன.

தோணி ஒரு சாண் நகர்ந்தது. இன்னொரு சாண். மேட்டின் உச்சியில் கறுப்பு வண்ணம் சுருள் சுருளாக உரிந்து செட்டியாரின் தலையில் விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தார். மூச்சு விட்டால்கூட முட்டும் போலிருந்தது. பிறகு திடீரென்று வெயில் கொதிகலனின் மேல் விழுந்தது. மேடு உத்தரத்தைக் கடந்துவிட்டது.

யாரும் கைதட்டவில்லை. கூலிகளில் ஒருவன் மட்டும் ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். வாத்துக்காரி தன் கூடையை எண்ணிக்கொண்டு முதலில் இறங்கினாள். இறங்கும்போதும் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்றுதான் எட்மோன் இறக்கினான். வேதநாயகியின் குடத்தில் பால் சிந்தவில்லை. சிந்தியிருந்தால் அவள் சொல்லாமல் விட்டிருக்க மாட்டாள்.

“தம்பி,” என்றார் செட்டியார், தலையிலிருந்து வண்ணத்தைத் தட்டிக்கொண்டே, “எங்க ஊர்த் தேருக்கு முட்டுக்கட்டை போடுற ஆளு மாதிரி நிக்கிறீக. நாங்கள்லாம் கடந்தாச்சு, நீங்க மூச்சு விடுங்க.”

ஆலைக் கரையில் தோணியைக் கட்டியபின் எட்மோனும் மார்செலும் நிழலில் நின்றார்கள். மார்செல் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்தார்.

“காலையில் நீ சொல்ல வந்தது இதுதானா?”

“ஆமாம், முசியே.”

“ஏன் சொல்லவில்லை?”

எட்மோன் யோசித்தான். படகு ஊதியது என்று சொல்லலாம். அவர் கேட்கவில்லை என்றும் சொல்லலாம். “சரியாகச் சொல்லவில்லை” என்றான்.

மார்செல் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “உன்னை நம்பி நூறு பேரை என் தோணியில் ஏற்றினேன். அதை நினைத்தால் எனக்கு இப்போதுதான் பயம் வருகிறது. இனிமேல் உனக்குச் சந்தேகம் வந்தால், எதில் சந்தேகம், எவ்வளவு சந்தேகம் என்று சொல். கயிற்றுக்கும் தாழ்ப்பாளுக்கும் ஒரே முகத்தைக் காட்டாதே.” ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்தார். “அமாவாசைக்கு இரண்டாவது கொதிகலன் வருகிறது. இதைவிடப் பெரியது. அதுவரை உனக்கு எழுத்து வேலை கிடையாது.”

எட்மோன் தாளைக் கையில் பிடித்தபடி கேட்டான். “வேலையிலிருந்து...”

“போய் அந்தப் பாலத்தின் கீழே உட்கார். எனக்கு வேண்டியது பார்த்த நேரம்.”

அன்று மாலை வகுப்பில் ஆசிரியர் ழான் துரை கரும்பலகையில் ஏதோ வளைவுகளை வரைந்துகொண்டிருந்தார். எட்மோன் பிரதி எடுத்தான். ஓர் இடத்தில் கோட்டை நீட்ட வேண்டியிருந்தது. பார்த்த புள்ளி வரை முழுக்கோடாக வரைந்தான். அதற்கு மேல் புள்ளி புள்ளியாகப் போட்டான். ழான் துரை வந்து பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

அறைக்கு வந்து எழுதினான்.

பிப்ரவரி 15, புதன்கிழமை. கொதிகலன் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் பாலத்துக்கு நான் எழுதிய நேரம் தவறு. நீர் அதற்கு வெகு முன்பே திரும்பிவிட்டது. கால்வாயின் இரு முனையிலிருந்தும் ஓதம் வருவதே காரணம் என்று நினைக்கிறேன். இதை இன்னும் அளந்து பார்க்கவில்லை. ஆட்களை ஏற்றியது சரியா என்று தெரியவில்லை. யாருக்கும் அடிபடவில்லை. செட்டியாரின் வேட்டியில் கறுப்பு வண்ணம் பட்டுவிட்டது.

நாளை: முதல் டிராமில் மூன்றாம் பாலத்துக்குப் போக வேண்டும். அளவுப்பலகை, சுத்தியல், ஆணி எடுத்துப் போக வேண்டும். கிழக்குத் தூணில் பலகையை அடித்து, இருட்டும்வரை நீர்மட்டம் பார்த்து எழுத வேண்டும். வகுப்புக்கு வர முடியாது என்று ழான் துரைக்குக் காலையிலேயே சொல்லி அனுப்ப வேண்டும்.